போர்த்தோவில் நைனாவின் பெயர்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் படகுப் பட்டறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் வருகைப் பதிவேட்டைப் பார்த்து என் பெயரை வாசித்தாள். "கன்னியப்பன்." எதையும் விழுங்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. கும்மிடிப்பூண்டி ரேஷன் கடையில் கூப்பிடுவது மாதிரியே இருந்தது. வாசித்துவிட்டு, "சரியாகச் சொன்னேனா? நேற்று வீட்டில் சொல்லிப் பழகினேன்" என்று சிரித்தாள்.

பத்து வருஷமாக இந்த ஊர் என்னைக் கனியபா, கானியாப்பு, சினோர் கனி என்று வாய்க்கு வந்தபடிதான் கூப்பிட்டிருக்கிறது. ஒருத்தி மெனக்கெட்டுச் சரியாகச் சொல்லிவிட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராகப் படகுக்கு அடியில் போய், வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முகமூடிக்குள் அழுவதில் ஒரு வசதி, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது.

அதற்கு முந்தின நாள்தான் நைனா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம், ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால். கன்னியப்பன் என்பது என் பெயர் இல்லை, அவருடையது. என் பெயர் பாபு. ஊரில் க. பாபு. பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஒற்றை 'க'வை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். விமானம் ஏறி இங்கே இறங்கியபோது பாபு காணாமல் போய்விட்டான், கன்னியப்பன் மட்டும் மிஞ்சினார்.

2

ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். போர்ச்சுகல் நாட்டின் வடக்கே, டோரு என்கிற ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது போர்த்தோ. ஆற்றங்கரை முழுக்கச் செங்குத்தான மேடு. அதில் மஞ்சளும் காவியும் நீலமுமாக வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. அக்கரையில் ஒயின் கிடங்குகள், ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்குப் பீப்பாய்கள். அந்தப் பீப்பாய்களை ஏற்றி வந்த பழைய மரப்படகுகளை இப்போது வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பதற்காகக் கரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்தின் சுவரெல்லாம் நீல ஓடு பதித்து யுத்தமும் அறுவடையும் ராஜா வருகையும் வரைந்திருக்கிறார்கள். ரயிலைத் தவறவிட்டால்கூட அங்கே யாருக்கும் வருத்தம் வராது.

இதெல்லாம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் ஊர். இங்கே குடியிருப்பவர்களின் ஊர் வேறு. ஆற்றோரம் கடல் வரைக்கும் போகிற அந்தக் காலத்து டிராம் வண்டியில் உள்ளூர்க்காரர் ஏறி நான் பார்த்ததில்லை, பஸ்ஸில்தான் போகிறோம். எங்கள் சந்தில் ஒரு பாட்டியம்மாள் ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டால் கீழே நாலு பேர் அதைப் படம் எடுக்கிறார்கள். அந்த அம்மாள் உள்ளாடைகளை மட்டும் சமையலறையில் காயவைக்கப் பழகிக்கொண்டுவிட்டார்.

வந்த புதிதில் எனக்குப் போர்த்துக்கீசியத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பட்டறைப் பெட்டி பூட்டியிருந்தது. தவித்துப்போய் "சாவி, சாவி" என்று தமிழிலேயே கத்தினேன். முதலாளி ஒன்றுமே நடக்காத மாதிரி சாவியை எடுத்துக் கொடுத்தார். சாவி அவர்கள் வார்த்தையாம். ஜன்னல், அலமாரி, மேசை, பீப்பாய் எல்லாமே அவர்கள் நம்மிடம் விட்டுவிட்டு வந்தவை. நைனாவிடம் போனில் சொன்னேன். "பாத்தியாடா, அவங்க வந்து வெச்சிட்டுப் போன ஜாமானுக்கு நீ காவல் போயிக்கீற" என்றார்.

நைனா முப்பத்திரண்டு வருஷம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் வேலை பார்த்தவர். பழுக்கக் காய்ந்து ஓடி வரும் இரும்பை இடுக்கியில் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. வீடியோவில் ஊரைக் காட்டினால் சர்ச்சைப் பார்க்க மாட்டார், ஓடு வேலைப்பாடு பார்க்க மாட்டார். ஆற்றின் குறுக்கே நிற்கும் இரட்டைத் தட்டு இரும்புப் பாலம்தான் அவருக்கு வேண்டும். மேல் தட்டில் மெட்ரோ ரயிலும் நடக்கிறவர்களும், கீழ்த் தட்டில் வண்டிகள். நூறு வருஷத்துக்கு மேலான பாலம். எங்கேயும் வெல்டிங் கிடையாது, எல்லாம் காய்ச்சி அடித்த ரிவிட் ஆணிகள்.

"கிட்ட போடா. இன்னும் கிட்ட. அடேங்கப்பா, இன்னா ரிவிட்டுடா இது! ஒரு ஆளு காய்ச்சி எறிஞ்சிருப்பான், இன்னொரு ஆளு புடிச்சிருப்பான். புடிச்சவன் பேரு எங்கனா எழுதிக்கீதா பாரு."

எழுதவில்லை. பாலத்துக்கு ஒரு ராஜாவின் பெயர்தான் இருக்கிறது என்று சொன்னேன். "அவன் இன்னாத்த புடிச்சான்?" என்று கேட்டார்.

ஒருமுறை ஆறு கடலில் விழும் இடத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டினேன். கலங்கரை விளக்கு முனையில் அலை சுவர்மேல் ஏறி அடிக்கும். பார்த்துவிட்டு, "பழவேற்காடு முகத்துவாரம் மாதிரியே கீதுடா, மீன் நாத்தம் மட்டும்தான் வர்ல" என்றார்.

3

இனி பெயர் விவகாரம். இந்த நாட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாதவன் மனிதனே இல்லை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேத்திக்கும் கடைசியில் ஒரே பெயர் ஓடிவர வேண்டும். நமக்கு அப்படியா? அப்பன் பெயர் பிள்ளைக்கு எழுத்தாகும், அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் போய்விடும். இதை இவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி தலை நரைத்துவிட்டது.

என் மகள் இங்கேதான் பிறந்தாள். முறைப்படி அவள் பா. இனியா. பதிவு செய்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து இனியா கன்னியப்பன் என்று எழுதிவிட்டார். நான் எரிச்சலோடு நைனாவிடம் சொன்னேன். அவர் சிரியோ சிரி என்று சிரித்தார்.

"அப்ப அவ உன் பொண்ணு இல்லடா, என் பொண்ணு!"

இப்போது இனியாவுக்கு எட்டு வயது. தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் போர்த்துக்கீசியத்தில் வரும். நானும் என் மனைவி லதாவும் வற்புறுத்தினால் பாடப் புத்தகம் மாதிரி ஒரு தமிழ் பேசுவாள். "தாத்தா, நீங்கள் ஏன் என் பெயரை வைத்துக்கொண்டீர்கள்?" என்று ஒருநாள் நைனாவிடமே கேட்டாள். அவருக்கு அதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியிலேயே ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. கவுன்ட்டரில் கேட்டார்கள், தந்தையின் குடும்பப் பெயர் என்ன? அவருக்கு அது கிடையாது என்றேன். எல்லோருக்கும் உண்டு என்றார்கள். கன்னியப்பன் அவருடைய பெயர், அதுதான் எனக்குக் குடும்பப் பெயர் என்றேன். அப்படியென்றால் அவருடைய முழுப் பெயர் கன்னியப்பன் கன்னியப்பனா என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விண்ணப்பத்தைச் சரிசெய்து எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நைனாவைக் கூப்பிட்டேன். யார்மேல் காட்ட வேண்டிய கோபமோ, அவர்மேல் காட்டினேன்.

"எல்லாம் உன் பேரால வந்த பேஜாரு நைனா! இங்க எவன் வாயிலயும் நொழைய மாட்டேங்குது. இந்த ஊர்ல தெருவுக்குப் பத்து பேரு ஜோசே, ஜோசேன்னு கீறான். உனக்கு அப்டி ஒரு பேரு வெச்சிருந்தா நான் ஏன் இப்டி லோல்படப் போறேன்?"

நைனா சொன்னார்.

"அதுக்கு ஏன்டா டென்சனாவுற? மாத்திட்டா போச்சு."

என் பெயருக்குப் பின்னால் இருப்பதை நான் எடுத்துவிடலாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பெற்றவரிடம்தானே கத்தினோம் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம், "அட்டை வந்துச்சா? மாறிடுச்சா?" என்று கேட்பார். "இன்னும் வர்ல நைனா" என்பேன். "மாறிடும், மாறிடும்" என்பார். பழைய அட்டைக்குப் புது அட்டையை மாற்றித் தருவதைத்தான் கேட்கிறார் என்று எண்ணினேன்.

4

போன வருஷம் ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தங்கை தேவி கூப்பிட்டாள். அவள் மீஞ்சூரில் புருஷன் வீட்டில் இருக்கிறாள், நைனா கும்மிடிப்பூண்டியில் தனியாகத்தான் இருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றாள்.

என் பழைய அட்டை காலாவதியாகி, புதியது வராமல் நான் நடுவில் நின்றிருந்தேன். அந்த நிலையில் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. லதாவும் இனியாவும் இங்கே. வேலை இங்கே. கிளம்பிவிடலாம் என்று பையில் துணியை அடைத்தேன், நானே திரும்ப எடுத்து வைத்தேன். தேவியின் வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். நான் போனில் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ கை மறைத்தது, பாதி நேரம் சட்டை முதுகுதான் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்விட வேண்டும் என்று ஆனது. அதற்கு ஒரு வழி இருந்தது. நெருங்கிய சொந்தம் இறந்ததற்குச் சான்று காட்டினால், போய்த் திரும்ப அவசர அனுமதி தருவார்கள். தேவி இறப்புச் சான்றிதழை வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். திறந்து பார்த்தேன். இறந்தவர் பெயர்: ஜோசப்.

"யாரு தேவி இது, ஜோசப்பு?"

"எனக்கும் ஒண்ணும் புரியலண்ணா. ஆஸ்பத்திரில ஆதார் கேட்டாங்க, நைனா சட்டப் பையில கீறத எடுத்துக் குடுத்தேன். ஆதார்லயே அப்டித்தான் கீது. போட்டோ நைனாதான், பேரு மட்டும் வேற. தப்பா பிரின்ட்டாயிருக்கும்ணா."

நம் ஊரில் அட்டைகளில் தப்பு வருவது புதிதா என்ன? என் பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை, 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. ஆனாலும் அப்பன் பெயர் கன்னியப்பன் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கவுன்ட்டரில் அம்மா வயதில் ஒருவர். நல்ல மாதிரி. ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் காகிதங்களை வாங்கினார்.

"உங்கள் தந்தையின் பெயர்?"

"கன்னியப்பன்."

"அது நீங்கள் அல்லவா?"

"அவர் பெயர்தான் எனக்கும்."

"இறந்தவர் ஜோசப்." தடங்கல் இல்லாமல் அந்தப் பெயரைச் சொன்னார். "இது யார்?"

"அவர்தான் என் தந்தை."

"ஐயா, பிறப்புச் சான்றிதழில் கன்னியப்பன். இதில் ஜோசப். இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு காகிதம் வேண்டும். இப்போது என் கையில் இருப்பது வேறு யாரோ ஒருவருடைய தந்தையின் மரணம்."

அவர்மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். மேசை இழுப்பறையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அதை வாங்கத் தோன்றவில்லை.

தேவி அலைந்தாள். தாசில்தார் அலுவலகம், அங்கிருந்து திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ், திரும்ப தாசில்தார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என்ன ஆதாரம் இருக்கிறது? தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று சொன்னால், எந்தத் தப்பை எங்கே அச்சடித்தார்கள் என்று கேட்டார்கள். மூன்று நாளைக்கு ஒருதரம் பேசுவோம். "நாளிக்கி வரச் சொல்லிக்கிறாங்கண்ணா" என்பாள். பதினாறு நாள் ஓடிப்போயிற்று.

5

காரியத்தன்று இங்கே விடியற்காலை. குளக்கரையில் தேவி ஒரு கல்லின்மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். ஐயர் மந்திரத்துக்கு நடுவில் செத்தவர் பெயர் கேட்டார். தேவியின் வீட்டுக்காரர் கன்னியப்பன் என்றார். கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர், "ஆபீஸ்ல வேற பேருன்னு பேசிக்கினாங்களே" என்று முனகினார். எனக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தது.

எல்லாம் முடிகிற சமயத்தில் செல்வி அக்கா வந்தார். தொழிற்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இ-சேவை மையம் வைத்திருப்பவர். பத்து நாள் ஊரில் இல்லையாம், விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்ததாம். தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மா இப்டி ஆயிப்போச்சு? அவுரு புள்ளைக்காவது பேரு மாறிச்சா, இல்லியா?"

"இன்னா பேருக்கா?"

"தெரியாதா உனக்கு? கெஜட்ல போட்டு, ஆதார்லயும் மாத்தினாரே! நான்தான ஃபாரம் ரொப்பினேன். மூணு வாட்டி ரயிலேறி மெட்ராஸ் போயாந்தாரு."

தேவி போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள். செல்வி அக்கா என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"பாபு, ஜோசேன்னு போடச் சொன்னார்ப்பா. அது இன்னா பேரு நைனா, ஜோசப்புன்னு போட்டுக்கறேன்னு நான்தான் சொன்னேன். அந்த ஊர்லயும் அதுதானான்னு ரெண்டு வாட்டி கேட்டுக்கினாரு. எதுக்கு நைனா இந்த வயசுல, ஞானஸ்நானம் எடுக்கப் போறியான்னு கேட்டேன். இல்லம்மா, என் பேரைத்தான் என் புள்ள பின்னாடி போட்டுக்கினு கீறான், என்னுது மாறிச்சின்னா அவனுதும் தானா மாறிடும்ன்றாரு. அப்டிலாம் மாறாது நைனான்னு சொன்னேன். அது எப்டிம்மா மாறாது, என் பேருதானன்றாரு. உனக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாதாம். அட்டையில வந்ததும் நீயே பாத்துட்டு போன் பண்ணுவியாம்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கேட்டது இதைத்தான். மாறிடுச்சா, மாறிடுச்சா என்று கேட்டாரே, ஒருநாளாவது என்ன மாற வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

கவுன்ட்டரில் அந்த அம்மாள் ஜோசப் என்று தடுமாறாமல் சொன்னாரே, அது என் நைனாவின் பெயர்தான். இந்த ஊரில் ஒருவர் அவர் பெயரை லேசாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக மூன்று முறை ரயிலேறினார், சொல்லியும்விட்டார்கள். அதனாலேயே அவர் என் தகப்பன் இல்லை என்றும் ஆகிவிட்டது. அவரை நினைத்து அழுவதா, சிரிப்பதா, என் வாயை நானே அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மூன்றையும் செய்திருக்கிறேன்.

6

அட்டை எட்டு மாதம் கழித்து வந்தது. கன்னியப்பன் என்றேதான். இங்கே குடியுரிமை வாங்குகிற நண்பர்கள் பலர் பெயரைச் சுருக்கிக்கொள்கிறார்கள், நீயும் வேண்டுமானால் மாற்றிக்கொள் என்கிறார்கள். லதா என்னிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இனியா மட்டும் பள்ளியில் குடும்ப மரம் வரைந்தபோது, எல்லார் பெயருக்குப் பின்னாலும் கன்னியப்பன் போட்டுவிட்டு, தாத்தா கட்டத்துக்கு வந்ததும் நின்றாள்.

"தாத்தாவுக்கு எது?"

"அதேதான். ஒரு தடவை போதும்" என்றேன்.

அட்டை வந்த வாரமே ஊருக்குப் போனேன். பூட்டிக் கிடந்த வீட்டைத் தேவி திறந்துவிட்டாள். அலமாரியில் நைனாவின் மில் சம்பளச் சீட்டுகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் அரசிதழ்ப் பக்கம் நாலாக மடித்து இருந்தது. அன்றைக்குக் கிடைத்திருந்தால் என்னைக் காரியத்துக்குக் கூட்டிப்போயிருக்கக்கூடிய காகிதம். கன்னியப்பன் ஆகிய நான் இனி ஜோசப் என்று அழைக்கப்படுவேன் என்று இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன. கூடவே ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், புதுக் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறார். மேலிருந்து கீழ்வரை ஜோசப், ஜோசப், ஜோசப். முதல் நாலைந்தில் 'ப்'புக்குப் புள்ளி இல்லை, அப்புறம் ஒன்றுகூட விடவில்லை.

கடைசியாக விண்ணப்பத்தின் நகல். பெயர் மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில் நைனாவே தன் கையால் எழுதியிருந்தார்: 'என் மகன் என் பேரால் அங்கு கஷ்டப்படுகிறான்.' செல்வி அக்கா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'சொந்த விருப்பம்' என்று திருத்தியிருந்தார். நைனாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.